சின்னவன் ஸ்டெப்னி இல்லை

ஜெபாவின் போனுக்கு மணியோசை கிடையாது. அதிர்வு மட்டும்தான். மேஜைமேல் அது அதிர்ந்து அதிர்ந்து விளிம்புக்கு நகர்ந்து வரும்போது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கையை நீட்டிப் பிடித்துவிடுவாள். சாப்பிடும்போது சோற்று டப்பாவின் மூடிமேல் வைப்பாள். எவர்சில்வர் மூடி. அதிர்ந்தால் அலுவலகம் முழுக்கக் கேட்கும். எங்கள் எல்லோருக்கும் கை அப்படியே சோற்றில் நின்றுவிடும்.

செங்கல்பட்டில், திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் அலுவலகம். ஜெகதீசன் அண்ணனின் டிராவல்ஸ். சிறுசேரி ஐ.டி. பூங்காவில் வேலை பார்ப்பவர்களை வீட்டருகே ஏற்றிக்கொண்டு போய் விடுவதும், ஷிப்ட் முடிந்தால் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் தொழில். யாரை எங்கே ஏற்ற வேண்டும் என்பது டிரைவரின் போனுக்கு வரும். ஏறுகிற பெண் தன் போனுக்கு வந்த எண்ணைச் சொன்னால்தான் வண்டி நகரலாம். இவ்வளவையும் அனுப்பிக்கொண்டிருந்தது டயர் அறையில் இருந்த ஒரு கறுப்புப் பெட்டி. அதுதான் சர்வர். அதற்காக ஏ.சி. போட்டதால் அங்கே அடுக்கியிருந்த புது டயர்களும் குளிரில் சுகமாக இருந்தன.

அந்தப் பெட்டி நின்றால் வேன்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். மாமல்லபுரத்திலும் கோவளத்திலும் பெண்கள் சாலையோரம் நிற்பார்கள். என் மேஜையில் போன் அடிக்கத் தொடங்கும். புகார்களைக் கேட்பது என் வேலை. எனக்குப் பேச வராது என்று தெரிந்துதான் அண்ணன் அந்த வேலையைக் கொடுத்தார். "நீ எதிர்த்துப் பேசமாட்ட. அதான் கரெக்டு" என்றார்.

ஜெபாவுக்குத் தையூர்ப் பக்கம் காலனி வீடு. அவள் அம்மா பாப்பா, அடுத்தவர் கழனிகளில் நாற்று நட்டவர். கழனிகள் மனைகளாகிக் கல் நட்ட பிறகு ஐ.டி. பூங்காவில் தரை துடைக்கப் போனார். அப்பா ஏசுபாதம் உப்பளத்தில் வெயில் தின்றது போதும் என்று ஒரு கம்பெனி வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறார். தம்பி ஜோயல் பொத்தேரியில் படிக்கிறான். ஜெபா பாலிடெக்னிக் முடித்தவள்; அந்த சர்வரைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. இங்கிலீஷை வாயால் பேசச் சொன்னால் கூச்சப்படுவாள். விரலால் பேசுவதில் கூச்சமே கிடையாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளாக வரி வரியாகக் கட்டளை அடிப்பாள். மவுஸைத் தொடமாட்டாள்.

"கடையில போயி அத்தக் குடு, இத்தக் குடுன்னு கைய நீட்டிக் காட்டறது மவுஸு" என்று ஒருநாள் சொன்னாள். "பேரச் சொல்லிக் கேக்கறது இது. பேரு தெரிஞ்சாத்தான் குடுப்பான்."

நான் சிரித்தேன். "இன்னா கவிஞரே, எழுதி வச்சிக்கோ" என்றாள். மேஜை இழுப்பறையில் நான் வைத்திருக்கும் கவிதைப் புத்தகங்களை அவள் பார்த்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

போனைச் சொன்னேன் அல்லவா. அவளுக்கும் பாப்பா அம்மாவுக்கும் நடுவில் இருந்தது அந்தப் போன்தான்.

பாப்பா அம்மா சில வருஷங்களாகக் கோவளத்தில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். அங்கே ஞானஸ்நானம் என்றால் நெற்றியில் தண்ணீர் தெளிப்பதோடு முடிவதில்லை. கடலில் இடுப்பளவுக்கு இறங்கி, முழுசாக முங்கி எழ வேண்டும். பாப்பா அம்மாவுக்கு அதில் மனசு முழுக்க ஆசை. ஆனால் கடல் என்றால் நடுக்கம். அலைச் சத்தம் கேட்கிற தூரத்தில் ஆயுசு போயும் கணுக்காலுக்குமேல் நனைத்ததில்லை. அதனால் பாஸ்டர் ஜான்சனிடம் ஒரு நிபந்தனை போட்டார்.

"ஒரு பக்கம் நீங்க புடிங்க. இன்னொரு பக்கம் எம்பொண்ணு ஜெபா புடிக்கணும். அவ கைய வுடமாட்டா. இல்லாங்காட்டி எனக்கு வாணாம் பாஸ்டர்."

முதல் தடவை நாள் குறித்தபோது சர்வர் படுத்துவிட்டது. ஜெபாவால் கடற்கரைக்கே போக முடியவில்லை. பாப்பா அம்மா வெள்ளைப் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்.

இரண்டாம் தடவை நடந்ததை ஜோயல் எனக்குச் சொன்னான். காலை வெயில் ஏறத் தொடங்கிய நேரம். கரையில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜெபாவும் அம்மாவும் கை கோத்து முழங்கால் வரைக்கும் இறங்கிவிட்டார்கள். ஜோயலின் கையில் இருந்த அக்காவின் போன் அதிர்ந்தது. அழைத்தவர் ஜெகதீசன் அண்ணன்.

"அக்கா, அண்ணன் பேசறாரு. எல்லா வண்டியும் நின்னுபோச்சாம்."

ஜெபா அம்மாவைப் பார்த்தாள்.

"போ" என்றார் பாப்பா அம்மா. "அங்க பொண்ணுங்க ரோட்ல நிக்கும்."

"நீ முங்கும்மா. பாஸ்டர் கீறாரு இல்ல."

"நீ வந்தப்புறம் பாத்துக்கலாம்."

ஜெபா ஈரத்தோடு மேலேறி, கவிழ்த்துப் போட்டிருந்த படகின் நிழலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். அவள் நிமிர்ந்தபோது மற்ற எல்லோரும் முங்கி எழுந்து, தலை துவட்டி, டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாப்பா அம்மா முழங்கால்வரை நனைந்த புடவையோடு, அலை தொடாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். ஜோயல் அதை ஒரு போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டான். கூட ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

திங்கட்கிழமை ஜெபா நேராக அண்ணனின் மேஜைக்குப் போனாள். அண்ணனின் மனைவி ரேணுகா அக்கா கணக்குப் பார்ப்பவர். அவரும் அங்கேதான் இருந்தார்.

"அண்ணே, ஸ்டெப்னி இல்லாம வண்டிய வெளிய அனுப்புவீங்களா?"

"இன்னா கேள்வி இது? டீக்கடைக்குக்கூட அனுப்பமாட்டேன்."

"சர்வருக்கு ஸ்டெப்னி எங்க?"

அண்ணன் ரேணுகா அக்காவைப் பார்த்தார். அக்கா ஜெபாவைப் பார்த்தார்.

"ரெண்டாவதா ஒரு மெஷின் வாங்குங்கண்ணே. ரெண்டையும் ஜோடி கட்டிடறேன். ஒண்ணு படுத்துட்டா இன்னொண்ணு எழுந்து ஓடும்."

"பஞ்சரானா எறங்கித்தான மாத்தணும்? அதுக்கும் நீதான வரணும்?"

"வாணாம்ணே. ஓடிகினே அதுவா மாத்திக்கும். உள்ள குந்திகினு இருக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது."

"ரீல் வுடற."

"மாட்டிக் காட்டறேன். அப்புறம் சொல்லுங்க."

அண்ணன் போட்டோவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "வாங்கிக் குடு ரேணுகா" என்றார்.

இங்கே அண்ணனின் ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும். அவரிடம் சும்மா கிடக்கிற எந்தப் பொருளும் தங்காது. ஜாக்கி, தார்ப்பாய், ஏணி என்று கேட்டவருக்கு எடுத்துக் கொடுத்துவிடுவார். ஒரு வேனின் ஸ்டெப்னி இன்னொரு வேனில் இருக்கும். அதனுடையது மூன்றாவதில் இருக்கும். இருபது வருஷம் வேன் ஓட்டிய கை அது. சாலையில் நிற்கிற இன்னொரு டிரைவருக்கு இல்லை என்று சொல்லி அதற்குப் பழக்கமில்லை.

புது மெஷின் வந்தது. பழையதற்குப் பெரியவன் என்றும் புதியதற்குச் சின்னவன் என்றும் பெயர் வைத்தாள். ஒரே அறையில் ஒரே மின்சாரத்தில் இரண்டும் இருந்தால் சேர்ந்தே சாகும் என்று, சின்னவனை மாடியில் ரேணுகா அக்காவின் அறை அலமாரியில் வைத்தாள். இரண்டுக்கும் நடுவே சுவரைத் துளைத்து ஒரு நீலக் கேபிள். அதன் வழியாக இவன் அவனை "இருக்கியா?" என்று கேட்பான். அவன் "இருக்கேன்" என்பான். மறுபடி கேட்பான். நாள் முழுக்க இதே பேச்சு. டிரைவர்களின் போன்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முகவரிதான். அந்த முகவரி பெரியவனுடையதும் இல்லை, சின்னவனுடையதும் இல்லை. யார் வேலையில் இருக்கிறானோ அவன் தோளில் அது ஏறிக்கொள்ளும்.

மாடியில் உட்கார்ந்து அவள் அடிப்பதை ரேணுகா அக்கா பில்களுக்கு நடுவே எட்டி எட்டிப் பார்ப்பார். ஒரு கட்டளை, அடுத்து ஒரு பதில். சரியில்லை என்றால் சிவப்பாக ஒரு வரி வரும். ஜெபா உதட்டைக் கடித்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவாள். அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. சிவப்பு வரியை மெதுவாக வாய்விட்டு வாசிப்பாள். பிடிவாதக் குழந்தை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதைப்போல இருக்கும்.

ஒருநாள் சோதனையில் நீலக் கேபிள் நழுவிவிட்டது. இரண்டு பேரும் உயிரோடுதான் இருந்தார்கள். ஒருவர் குரல் மற்றவருக்குக் கேட்கவில்லை. பெரியவன், தம்பி போய்விட்டான் என்று நினைத்தான். சின்னவன், அண்ணன் போய்விட்டான் என்று நினைத்தான். இரண்டு பேரும் பொறுப்பைத் தூக்கிக்கொண்டார்கள். சோதனைக்காகப் போட்டிருந்த ஒரே பயணிக்கு இரண்டு வண்டிகள் ஒதுக்கப்பட்டன. ஜெபா தலையில் கை வைத்துச் சிரித்தாள். பிறகு இரண்டு மெஷின்களின் மின்சாரத்துக்கும், கட்டளையால் அணைக்கக்கூடிய ஒரு சுவிட்ச் பெட்டியை வரவழைத்தாள்.

"இது எதுக்குடி?" என்றார் ரேணுகா அக்கா.

"ஒருத்தன் பதில் சொல்லலன்னா இன்னொருத்தன் மொதல்ல அவன் கரண்ட வெட்டிடுவான். அப்புறம்தான் நாற்காலில உக்காருவான்."

"அய்யோ பாவம். கூடப் பொறந்தவனையா?"

"பதில் இல்லன்னா செத்துட்டான்னு அர்த்தமில்ல அக்கா. வாய் மட்டும் அடைச்சிருக்கும். உள்ள வேல செஞ்சிகினு இருப்பான். ரெண்டு பேரும் நாந்தான் மொதலாளின்னு கெளம்பினா ஒரு பொண்ணுக்கு ரெண்டு வண்டி போவும், இன்னொரு பொண்ணு ரோட்லயே நிக்கும். அதான் சந்தேகம் வந்தா வெட்டிடறது."

ரேணுகா அக்கா கொஞ்சம் யோசித்தார். "எங்க மாமியார் வூட்ல இந்த சுவிட்ச மாட்டியிருந்தா பாகப்பிரிவினையே வந்திருக்காது" என்றார். கீழே அண்ணன் இருமுவது கேட்டது.

வண்டிகள் குறைவாக ஓடுகிற ஒரு மதியவேளையில் ஒத்திகை. டயர் அறையில் எல்லோரும் கூடினோம். ஓடிக்கொண்டிருக்கும் பெரியவனின் பிளக்கை அண்ணனே பிடுங்க வேண்டும் என்று ஜெபா சொல்லிவிட்டாள்.

"நானா? ஓடற இஞ்சின்ல கைய வுடச் சொல்றியா?"

"நீங்க புடுங்கினாத்தான் நம்புவீங்க."

அண்ணன் குனிந்தார். கையை நீட்டினார். எடுத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினார். பெரியவனின் விசிறிச் சத்தம் இறங்கி இறங்கி அடங்கியது. ஜெபா திரையைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே, வேனில் சாய்ந்து நின்ற டிரைவர் ராஜாராம் தன் போனை உற்றுப் பார்த்தபடி இருந்தார்.

"அண்ணாத்த!" என்று அங்கிருந்து கத்தினார். "வருது! அடுத்த ட்ரிப்பு வருது! எப்பப் புடுங்கப்போறீங்க?"

அண்ணன் கையில் பிளக்கோடு அப்படியே நின்றார். பிறகு ஜெபாவின் தலையில் லேசாகத் தட்டினார். "ரீலு இல்ல" என்றார். அன்றைக்கு எல்லோருக்கும் பிரியாணி.

பாப்பா அம்மாவுக்கு மூன்றாம் தடவையாக நாள் குறித்தார்கள். ஒரு சனிக்கிழமைக் காலை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கிளம்புகையில் ஜெபா என்னிடம் வந்து தன் போனை நீட்டினாள்.

"இத்த வச்சிக்கோ. கூட இருந்தா கையி தானா தேடும்."

"அவசரம்னா?"

"ஜோயல் நம்பர் கீது இல்ல? ரொம்ப அவசரம்னா மட்டும்." வாசல்வரை போய்த் திரும்பினாள். "ஆனா வராது. ரெண்டு பேரும் நல்லா கீறானுங்க."

போன் இல்லாத கையை என்ன செய்வது என்று தெரியாமல், துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டே பஸ்ஸுக்குப் போனாள்.

மறுநாள் காலை செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இரவெல்லாம் பையில் கிடந்த அவள் போனை அப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். சர்வரிலிருந்து வருகிற எச்சரிக்கைகளை அவள் தன் பேச்சிலேயே எழுதி வைத்திருந்தாள். விடிகாலையிலேயே வந்தவை, பூட்டிய திரைமேல் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றன.

"சின்னவன் பதில் சொல்லல."

"சின்னவன் கரண்ட வெட்டியாச்சு."

"பெரியவன் தனியா கீறான்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு நடந்தேன். பிறகு ஓடினேன். மாடியில் ரேணுகா அக்காவின் அறை திறந்து கிடந்தது. அலமாரியில் சின்னவன் இல்லை. அவன் இருந்த இடத்தில் மட்டும் சதுரமாகத் தூசி இல்லை. நீலக் கேபிளைப் பத்திரமாகச் சுருட்டி ஓரமாக வைத்திருந்தார்கள். எதுவுமே மாட்டியிராத ஒரு பிளக் பாயின்ட்டின் மின்சாரத்தை வெட்டிவிட்டு, கீழே பெரியவன் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணன் முற்றத்தில் ஒரு வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, மேல சின்னவனக் காணோம்."

"ஆங், அதுவா? காஞ்சிபுரத்துல நம்ம மச்சான் பாலசுப்ரமணியன் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் படுத்துடிச்சாம். பில்லு போட முடியல, பேஜாரா கீது மாமான்னு பொலம்பறான். ஸ்டெப்னி சும்மாத்தான கீதுன்னு விடிகாலைல ராஜாராமாண்ட குடுத்தனுப்பிட்டேன். திங்கக்கெழம வந்துடும்."

ஜெபாவின் போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினேன். அவர் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசித்தார். 'பெரியவன் தனியா கீறான்' என்ற வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"இது ஜெபா போனு ஆச்சே. உன்னாண்ட எப்டி?"

"இன்னிக்கு அவங்க அம்மாவுக்கு ஞானஸ்நானம்ணே. பெரியவன் நின்னா அவங்களக் கடல்லேர்ந்துதான் கூப்பிடணும்."

அண்ணன் வேனின் படியில் உட்கார்ந்துவிட்டார். "ஸ்டெப்னிய எறக்கி வச்சிட்டு வண்டிய மலையேத்திட்டேன்டா" என்றார்.

ரேணுகா அக்கா வந்து விஷயத்தைக் கேட்டார். "மொதல்ல ஜோயலுக்குப் போன் போடு. ஜெபாவாண்ட ஒரு வார்த்த சொல்லிடலாம்" என்றார்.

"போடாத" என்றார் அண்ணன். "போன தபா நான்தான் போட்டேன். அந்தம்மா ஈரப்பொடவையோட கரைல நிக்கற போட்டோ இன்னும் என் போன்ல கீது. எவனும் போன எடுக்கக்கூடாது."

ராஜாராமுக்கு அழைத்தார். அவர் காஞ்சிபுரத்தில் இறங்கிவிட்டிருந்தார்.

"அண்ணாத்த, மாட்டிப் பாத்துட்டோம். கறுப்பா ஒரு ஸ்க்ரீன் வந்து பேரக் கேக்குது. மச்சான் அவர் பேரு, சம்சாரம் பேரு எல்லாம் போட்டாரு. ஒத்துக்கல."

"ஒத்துக்காது. கழட்டு. முன்சீட்ல வச்சி பெல்ட்டு போட்டுக் கொண்டா. பள்ளத்துல வுட்ட, நீ காலி."

பிறகு அண்ணன் டயர் அறைக்குப் போனார். ஒரு டயரை உருட்டிவந்து பெரியவனுக்கு எதிரே போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். தண்ணீர் மோட்டார் போடக்கூடாது என்றார். மிக்ஸி, அயர்ன்பாக்ஸ் எதுவும் கூடாது என்றார். கதவைச் சத்தமாகச் சாத்திய என்னை முறைத்தார். "ஐ.சி.யூ. வாசல்ல குந்திகினு கீற மாதிரி கீறீங்க" என்று ரேணுகா அக்கா காபியைக் கொண்டுவந்து நீட்டினார். அதை வாங்கியவர் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னியது. வேன்கள் ஓடின. என் மேஜையில் போன் அடிக்கவில்லை.

வெயில் நன்றாக ஏறியபோது கரண்ட் போனது.

யு.பி.எஸ். கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. அதன் பேட்டரி அதிக நேரம் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும். அண்ணன் முற்றத்துக்கு ஓடி ஜெனரேட்டர் கயிற்றை இழுத்தார். இழுத்து இழுத்துப் பார்த்தார். அது இருமி அடங்கியது. மூடியைத் திறந்தால் உள்ளே டீசல் சொட்டுக்கூட இல்லை. போன வாரம் பக்கத்துத் தெருக் கூழ்வார்க்கும் திருவிழாவுக்கு அதை இரவல் கொடுத்திருந்தார். காலி டேங்கோடு திரும்பி வந்திருந்தது.

"அதையும் குடுத்தாச்சா!" என்று மாடியிலிருந்து ரேணுகா அக்காவின் குரல் வந்தது.

அண்ணன் ஒரு ரப்பர் குழாயை எடுத்துவந்தார். நின்றிருந்த பழைய வேனின் டீசல் மூடியைக் கழற்றினார். ரப்பர் குழாயின் ஒரு முனையை உள்ளே விட்டார். இன்னொரு முனையை வாயில் வைத்து உறிஞ்சினார். வெள்ளைச் சட்டையும் அகலக் கரை வேட்டியுமாக இருக்கும் முதலாளி, முற்றத்து மண்ணில் முட்டி போட்டு, கன்னம் ஒட்ட உறிஞ்சுவதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டீசல் வந்தது. வாயிலும் வந்தது. துப்பினார், இருமினார், குழாயை ஜெனரேட்டருக்குள் திருப்பினார். மூன்றாவது இழுப்பில் அது உறுமிக்கொண்டு எழுந்தது. யு.பி.எஸ். கத்துவதை நிறுத்தியது.

பெரியவன் நிற்கவே இல்லை. ரோட்டில் எந்தப் பெண்ணும் நிற்கவில்லை. அண்ணன் வாயைக் கொப்பளித்துக்கொண்டே வந்து மறுபடி டயரில் உட்கார்ந்தார்.

மதியத்துக்குமேல் ஜெபா வந்தாள். தலை ஈரம் காயவில்லை. கையில் பெரிய அடுக்கு கேரியர். சபையில் சமைத்த பிரியாணியை எங்களுக்கும் அம்மா கொடுத்து அனுப்பியிருந்தார். அறை வாசலில் நின்று, டயர்மேல் உட்கார்ந்திருந்த அண்ணனைப் பார்த்தாள். டீசல் நாற்றத்துக்கு மூக்கைச் சுளித்தாள்.

அவள் கேட்பதற்குமுன் அண்ணன் கேட்டார். "அம்மா முங்கினாங்களா?"

"முங்கிட்டாங்கண்ணே."

"நீ கூட நின்னியா?"

"கையப் புடிச்சிகினே நின்னேன்."

"முழுசா?"

"முழுசாண்ணே. இடுப்புத் தண்ணிக்குப் போனதும் திரும்பிக் கரையப் பாத்தாங்க. ஜோயல் வீடியோ எடுத்துகினு இருந்தான். அவன் கைல கீறது யாரு போனுன்னாங்க. அவன்துதான், என்னுது செங்கல்பட்டுல கீதுன்னேன். நம்பல. என் ரெண்டு கையும் விரிச்சிக் காட்டச் சொன்னாங்க. காட்டினேன். அப்புறம்தான் கெட்டியாப் புடிச்சாங்க." சிரித்தாள். "பாஸ்டர் ஜெபம் பண்றதுக்குள்ள ஒரு அலை வந்து மூணு பேரையும் கவுத்துட்டுது. எழுந்ததும் அம்மா, ஆச்சா பாஸ்டர்ங்கறாங்க. அவரு, இல்லம்மா அது அலைன்றாரு. மறுபடி முங்க வச்சாரு. முங்கினவங்க கரையேறவே மாட்டேன்றாங்க. எல்லாரும் டீ குடிக்கப் போயிட்டாங்க. நாங்க ரெண்டு பேர் மட்டும் நின்னுகினே இருந்தோம்."

அண்ணன் தலையை ஆட்டினார். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் சின்னவனைப் பற்றிச் சொன்னார். காஞ்சிபுரம், மச்சான், ஜெனரேட்டர் என்று ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள், பள்ளத்துக்குப் பயந்து ஊர்ந்தே வந்த ராஜாராமின் வண்டி உள்ளே நுழைந்தது. முன்சீட்டில் பெல்ட் போட்டு, தலையணைகளுக்கு நடுவில் சின்னவன்.

ஜெபா திட்டுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். அவள் முன்சீட்டைப் பார்த்தாள். அண்ணனின் சட்டையில் இருந்த டீசல் கறையைப் பார்த்தாள். கேரியரை என் கையில் கொடுத்துவிட்டு, பெல்ட்டை விடுவித்து அவனைத் தூக்கிக்கொண்டாள்.

"என் தப்புதாண்ணே" என்றாள். "ஸ்டெப்னின்னு நான்தான சொன்னேன். ஸ்டெப்னின்னா நீங்க குடுக்கத்தான செய்வீங்க."

"பின்ன இன்னான்னு சொல்லியிருக்கணும்?"

"இரட்டை மாட்டு வண்டின்னு சொல்லியிருந்தா ஒரு மாட்ட அவுத்துக் குடுத்திருப்பீங்களா?"

"கேக்கறவன் யாருன்னு பாத்து..." என்று அண்ணன் தொடங்கினார். ரேணுகா அக்கா அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தார்.

மாடியில் சின்னவனை வைத்து, நீலக் கேபிளை மாட்டி, ஜெபா உட்கார்ந்து அடித்தாள். அவள் கூந்தலிலிருந்து கடல் மணல் மேஜைமேல் உதிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் திரையில் இரண்டு பெயர்களும் அடுத்தடுத்து எழுந்தன. நடந்தது எதுவும் தெரியாத சின்னவன், விட்ட இடத்திலிருந்து பெரியவனிடம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிக்கொண்டான். அவள் இன்னொரு வரி அடித்தாள். பொறுப்பு முழுக்கச் சின்னவனிடம் போனது. கீழே பெரியவன் ஓய்ந்து காத்திருந்தான்.

"டயர மாத்தி மாத்திப் போடுவீங்க இல்ல, ஒண்ணே தேயக்கூடாதுன்னு? இனிமே அப்டித்தான்" என்று கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள். "இந்த வாரம் இவன் ஓடுவான். அடுத்த வாரம் அவன். எவன் சும்மா கீறான்னு உங்களுக்குச் சொல்லவே மாட்டேன்."

"நியாயம்" என்றார் அண்ணன்.

பிரியாணி சாப்பிட்டோம். பாப்பா அம்மா தனியாக ஒரு டப்பாவில் அண்ணனுக்கென்று கேசரி வைத்திருந்தார். அண்ணன் ஒரு வாய் வைத்துவிட்டு, நாக்கெல்லாம் டீசலாக இருக்கிறது என்று முகத்தைக் கோணினார். ஆனாலும் டப்பாவை யாரிடமும் கொடுக்காமல் வழித்துத் தின்றார்.

ஜெபாவின் போனை எடுத்து அவள் மேஜைமேல் வைத்தேன். அவள் ஜோயலின் வீடியோவைப் பற்றி ரேணுகா அக்காவிடம் பேசிக்கொண்டே இருந்தாள். திருப்போரூர் பஸ் வருகிற சத்தம் கேட்டதும் காலி கேரியரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பஸ் நகர்ந்த பிறகுதான் ரேணுகா அக்கா மேஜையைப் பார்த்தார்.

"அய்யய்ய, போன வச்சிட்டுப் போறா பாரு! ராஜாராம், வண்டிய எடு, முன்னாடி ஸ்டாப்பிங்ல புடிச்சிடலாம்."

ராஜாராம் சாவியை எடுத்தார். அண்ணன் கேசரி டப்பாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வுடு" என்றார். "திங்கக்கெழம வந்து எடுத்துக்கட்டும்."